தோற்ற ஆட்டத்தை டிரா ஆக்குவது எப்படி: ஸ்விண்டிலும் ஸ்டேல்மேட்டும், படிப்படியாக

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ராபிட் (குறைந்த நேர) செஸ் போட்டி நடக்கும் எந்தப் பள்ளி ஹாலுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஒரு யானை போனதும் பிள்ளை கையை நீட்டி ரிசைன் செய்துவிட்டு, வாசலில் புளியோதரை டப்பாவோடு நிற்கும் அம்மாவிடம் ஓடிவிடும். அந்த ஆட்டத்தில் எதிராளிக்கு இன்னும் இருபது மூவ் தப்பில்லாமல் ஆட வேண்டிய வேலை பாக்கி இருந்திருக்கும். அந்த வேலையைக் கடினமாக்குவதுதான் ஸ்விண்டில். அதற்கு அதிர்ஷ்டம் தேவையில்லை. சரியான வரிசையில் செய்தால் போதும்.

காய்களின் நகர்வும் அடிப்படை செக்மேட்டுகளும் தெரிந்து, போட்டிகளில் ஆடத் தொடங்கியவர்களுக்காக இது. கட்டங்களை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை வழக்கம்போல் குறித்திருக்கிறோம்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மூன்று விதிகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வர வேண்டும். ஸ்டேல்மேட் ஆனால், அதாவது ராஜாவுக்குச் செக் இல்லாமலே ஆட வேண்டியவருக்கு ஒரு மூவும் இல்லை என்றால், டிரா. ஒரே நிலை, ஒரே ஆளின் முறையில், மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம். சிப்பாய் நகராமல், காய் வெட்டாமல் இருவரும் 50 மூவ் ஆடினாலும் கேட்கலாம். முதல் விதி தானாக ஆட்டத்தை முடிக்கும். மற்ற இரண்டையும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, போய்ச் சேர வேண்டிய நான்கு டிரா நிலைகள் தெரிந்திருக்க வேண்டும் (4-ம் பகுதி). ஊர் தெரியாமல் பஸ் ஏறினால் எங்கே இறங்குவது? டிரா நிலை எது என்று தெரியாதவர் அதன் வாசல்வரை வந்தும் கடந்து போய்விடுவார்.

மூன்றாவது, கடிகாரத்தில் நேரம். தோற்கும் நிலைக்கு வரும்போது உங்களிடம் ஐந்து நிமிடமாவது இருக்க வேண்டும். ஒரு காய் போனதும் வெறுப்பில் படபடவென ஆடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. நல்ல நிலையைவிடக் கெட்ட நிலைக்குத்தான் அதிக யோசனை வேண்டும்.

2. முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

காய் போன அடுத்த மூவை உடனே ஆடாதீர்கள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். நகர்த்த நினைக்காத காயைத் தொட்டுவிட்டால் அதையே ஆட வேண்டும் என்பதால் இந்தப் பழக்கம் இரட்டிப்புப் பயன் தரும்.

அந்த ஒரு நிமிடத்தில் ஒரே கேள்வி: எதிராளி எப்படி ஜெயிக்கப் போகிறார்? பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. உங்கள் ராஜா மேல் தாக்குதல் இருக்கிறது, அல்லது ஒரு சிப்பாய் ராணியாகப் போகிறது, அல்லது அவரிடம் காய் அதிகம், மாற்றிக்கொண்டே போய் எளிதாக முடிப்பார். பதிலைப் பொறுத்து மருந்து மாறும். தாக்குதல் என்றால் ராணிகளை மாற்றப் பாருங்கள். சிப்பாய் என்றால் அது அடுத்து மிதிக்கும் கட்டத்தில் ஒரு காயை நிறுத்துங்கள். காய் அதிகம் என்றால் காய்களை மாற்றவே மாற்றாதீர்கள், சிப்பாய்களை மாற்றுங்கள்.

இந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. எதிராளியிடம் ஒரு குதிரை மட்டும் அதிகமாக மிஞ்சி, போர்டில் சிப்பாயே இல்லை என்றால் அவரால் மேட் செய்ய முடியாது. அவர் ஜெயிக்க ஒரு சிப்பாய் தேவை. ஒவ்வொரு சிப்பாய் போகும்போதும் அவருடைய வெற்றிக்கான வழி ஒன்று குறைகிறது.

3. எளிய வழியை அடைத்துவிடுங்கள், பிறகு குழப்புங்கள்

வரிசை இங்கே முக்கியம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் ஒரு பொறி வைக்கிறார்கள், அடுத்த மூவிலேயே மேட் ஆகிறார்கள். எதிராளியின் மிக எளிதான வெற்றி வழியை முதலில் அடைத்துவிடுங்கள். அப்போதுதான் அவர் கடினமான வழியைத் தேட நேரும்.

பிறகு பொறி. அதற்கான கேள்வி: “எதிராளி யோசிக்காமல் எந்த மூவை ஆடுவார்?” தாராளமாக ஜெயிக்கிற ஆள் மூன்று வகை மூவைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார்: இலவசமாகக் கிடைக்கும் சிப்பாயை வெட்டுவது, செக் கொடுப்பது, சிப்பாயைக் கடைசி வரிசையில் ராணியாக்குவது. உங்கள் பொறி இந்த மூன்றில் ஒன்றின் கீழ் இருக்க வேண்டும். பின்வாங்குவதோ, ராஜாவை வெளியே நடத்துவதோ மட்டுமே அவருக்கு வெற்றி தரும் என்கிற மாதிரி நிலையைக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

எதிராளிக்கு இரண்டு மூன்று நல்ல வழிகள் தெரியும்படி விடுவதும் உதவும். ஒரே வழி இருந்தால் உடனே ஆடிவிடுவார். பல வழி இருந்தால் நேரத்தைச் செலவழிப்பார், கடைசியில் பாதுகாப்பானது என்று தோன்றும் மந்தமான மூவை ஆடுவார்.

ஒரு எச்சரிக்கை. பொறியை அவர் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் நிலை முன்பைவிட மோசமாகக் கூடாது. எப்படியும் அடுத்த மூவில் தோல்விதான் என்கிற இடத்தில் மட்டும் இந்த விதியை மீறலாம்.

அவருடைய ராஜாவைச் சுற்றிச் சிப்பாய்ச் சுவர் உடைந்திருந்தால் உங்கள் ராணியை எந்த விலைக்கும் விடாதீர்கள். தொடர் செக்கில் டிரா வாங்க அது ஒன்றே கருவி. ஆனால் கிடைத்த செக்கையெல்லாம் கொடுக்காதீர்கள். ராஜா எங்கே ஒளியப் பார்க்கிறது என்று முதலில் பார்த்து, அந்த வழியை அடைக்கும் செக்கைத் தேர்ந்தெடுங்கள்.

4. போய்ச் சேர வேண்டிய நான்கு இடங்கள்

*ஓரச் சிப்பாயும் தவறான பிஷப்பும்.* எதிராளியிடம் ஒரு பிஷப்பும் ஏ அல்லது எச் வரிசைச் சிப்பாயும் மட்டும். சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டம் பிஷப்பின் நிறத்தில் இல்லை. உங்கள் ராஜா அந்த மூலைக்குப் போய்விட்டால் யாராலும் கிளப்ப முடியாது, நெருக்கினால் ஸ்டேல்மேட். எச்8 கறுப்புக் கட்டம், எனவே எச் சிப்பாயோடு வெள்ளைக் கட்ட பிஷப் இருந்தால் உங்களுக்கு டிரா. ஏ8 வெள்ளைக் கட்டம், அங்கே நேர்மாறு. ஓரச் சிப்பாயைத் தவிர மற்றதை அழிக்க உங்கள் கடைசிக் குதிரையைக்கூடக் கொடுக்கலாம். ராஜா நேரத்துக்கு மூலைக்குப் போகுமா என்று மட்டும் எண்ணிவிட்டுக் கொடுங்கள்.

*யானைக்கு யானை, அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல்.* உங்கள் ராஜா சிப்பாயின் முன்னே நிற்கிறது என்றால், யானையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து அவர் ராஜாவை முன்னே வர விடாதீர்கள். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தவுடன் யானையை மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுங்கள். ராஜா ஒளிய இருந்த ஒரே இடத்தைச் சிப்பாயே பிடித்துக்கொண்டிருக்கும். சிப்பாய் வருவதற்கு முன்பே யானை கிளம்பிவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை.

*ராணிக்கு எதிராக ஏழாம் வரிசைச் சிப்பாய்.* உங்கள் கறுப்புச் சிப்பாய் சி2-ல் (கறுப்பின் பக்கத்திலிருந்து ஏழாம் வரிசை), ராஜா பி1-ல், வெள்ளை ராஜா தூரத்தில். ராணி பி3-ல் செக் கொடுத்தால் சிப்பாயைக் காப்பாற்றப் போகாதீர்கள். ராஜாவை ஏ1-க்கு நகர்த்துங்கள். ராணி சி2-ஐ வெட்டினால் ஸ்டேல்மேட். ஏ, சி, எஃப், எச் சிப்பாய்களுக்கு மட்டுமே இந்த வசதி. நடுச் சிப்பாய்களுக்குக் கிடையாது.

*எதிரெதிர் நிற பிஷப்புகள்.* ஒன்று, சில சமயம் இரண்டு சிப்பாய் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். அவருடைய சிப்பாய் அடுத்து மிதிக்க வேண்டிய கட்டம் உங்கள் பிஷப்பின் நிறத்தில் இருக்க வேண்டும். இந்த முடிவுக்குப் போக வாய்ப்பு வந்தால் மற்ற காய்களை மாற்றத் தயங்காதீர்கள். காய் மாற்றாதே என்ற விதிக்கு இது விலக்கு.

5. ஸ்டேல்மேட் கூண்டு கட்டுவது

ஸ்டேல்மேட் தற்செயலாக வருவதும் உண்டு. ஆனால் கட்டி வைத்தால்தான் நம்பலாம். மூன்று கணக்குப் போடுங்கள்.

ஒன்று: என் ராஜாவுக்கு எத்தனை கட்டம் பாக்கி? மூலையில் மூன்று கட்டம்தான் அடைபட வேண்டும், ஓரத்தில் ஐந்து, நடுவில் எட்டு. அதனால் மூலைக்குப் போங்கள்.

இரண்டு: என் சிப்பாய்களில் எது நகர முடியும்? ஒவ்வொன்றும் எதிரிச் சிப்பாயின் மூக்கோடு மூக்கு முட்டி நிற்க வேண்டும், அல்லது போய்த் தொலைந்திருக்க வேண்டும். வெட்ட வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். அருமையான கூண்டை ஒரு சிப்பாயின் குறுக்கு வெட்டு கெடுத்துவிடும்.

மூன்று: மிச்சமிருக்கும் என் காயைச் செக்கோடு எங்கே தூக்கி எறியலாம்?

இந்த மூன்றையும் ஒரே ஆட்டத்தில் காட்டியவர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் லாரி எவன்ஸ். 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகத் தோற்கும் நிலையில் அவர் சிப்பாயை எச்4-க்குத் தள்ளினார். ராஜா எச்1 மூலைக்குப் போனது. நகரக்கூடிய ஒரே சிப்பாய் ஜி3-ல் இருந்தது. ரெஷெவ்ஸ்கியின் ராணி அதை வெட்டியது. உடனே எவன்ஸ் ராணியை ஜி8-ல் செக்கோடு கொடுத்தார், அடுத்த மூவில் யானையை ஜி7-ல் செக்கோடு கொடுத்தார். எடுத்தால் ஸ்டேல்மேட், எடுக்காவிட்டால் தொடர் செக். எல்லோரும் ராணி பலியைப் பேசுகிறார்கள். படிக்க வேண்டியது அதற்கு முந்தைய எச்4. பூட்டு போட்டது அந்த மூவ்.

காயே இல்லாமல் தனி ராஜாவோடு நின்றாலும் ஒரு கண்ணி உண்டு. எதிராளியின் ராணி உங்கள் மூலை ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் வந்து நின்றால் ஸ்டேல்மேட். ராஜா எச்8 என்றால் ராணிக்கு எஃப்7-ம் ஜி6-ம் தப்பான கட்டங்கள். நேரம் குறைந்த எதிராளி ராஜாவை ஒடுக்கிக்கொண்டே வரும்போது அந்தக் கட்டங்களுக்குத்தான் வருவார். அதனால் தனி ராஜாவை நடுவில் சுற்றவிட்டு, கடைசியில் மூலைக்குள் போங்கள்.

6. பைத்தியக்கார யானை: ஒரு நிலை, முழுதாக

உங்கள் ராஜா கூண்டில் இருக்கிறது, நகரும் காய் யானை ஒன்றுதான். அந்த யானை எதிரி ராஜாவின் பக்கத்தில் போய்ப் போய்ச் செக் கொடுக்கும். எடுத்தால் ஸ்டேல்மேட். இதைப் படித்தால் போதாது, காய்களை அடுக்கிப் பார்க்க வேண்டும்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி எஃப்7, சிப்பாய்கள் ஜி3, எச்6.
கறுப்பு: ராஜா எச்8, யானை சி2, சிப்பாய்கள் ஜி4, எச்7.
கறுப்பின் முறை.

வெள்ளை அடுத்து ராணியை ஜி7-ல் வைத்தால் மேட். முதலில் கூண்டைச் சரிபாருங்கள். ஜி8-ஐயும் ஜி7-ஐயும் ராணி காக்கிறது. எச்7-ல் சொந்தச் சிப்பாய், அதன் முன்னே எச்6. ஜி4-ன் முன்னே ஜி3. யானை மறைந்தால் கறுப்புக்கு ஒரு மூவும் இல்லை.

சரியான மூவ்: யானை சி1, செக்.

ராஜா எஃப்2-க்கு வந்தால், யானை எஃப்1 செக். வெட்டினால் ஸ்டேல்மேட். விலகினால் எஃப் வரிசை திறந்து யானை ராணியை வெட்டிவிடும்.

ராஜா ஜி2-க்கு வந்தால், யானை ஜி1 செக். வெட்டினால் ஸ்டேல்மேட். எஃப்2-க்குப் போனால் மேலே சொன்னதுதான். எச்2-க்குப் போனால் யானை எச்1 செக், ராஜா மறுபடி ஜி2, யானை மறுபடி ஜி1. சுற்றிக்கொண்டே இருக்கலாம், மூன்றாம் முறை டிரா கேட்கலாம். முதலிலேயே எச்2-க்குப் போனாலும் எச்1 செக்கோடு இதே சுற்றுதான்.

ராணியை எஃப்1-ல் குறுக்கே வைத்தால், யானை அதை வெட்டும், ராஜா யானையை வெட்டும். சிப்பாய்கள் சமம், கறுப்பு ராஜா விடுபட்டு ஜி8 வழியாக எச்6-ஐ நோக்கி நடக்கும். வெள்ளையின் வெற்றி போய்விட்டது.

இப்போது தவறு எங்கே நடக்கும் என்று பாருங்கள். யானையை நேராக ஜி2-ல் வைத்துச் செக் கொடுக்கக் கை துறுதுறுக்கும். ராஜா வெட்டினால் ஸ்டேல்மேட்தான். ஆனால் ராஜா எஃப்1-க்கு ஒதுங்கும். அப்போது பழக்கத்தில் எஃப்2-ல் செக் கொடுத்தால் ராணி எஃப்7-லிருந்து இறங்கி யானையை வெட்டும். ராணி ஜி8-ஐ விட்டு விலகியதால் கூண்டும் திறந்துவிட்டது. ஸ்டேல்மேட் இல்லை, தோல்வி. சி1 வழியில் எஃப்2-ல் ராஜா நின்றபோது அதுவே ராணிக்கும் யானைக்கும் நடுவே சுவராக இருந்தது. இங்கே சுவர் இல்லை.

ஆகவே யானையை எறியும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது: ராஜாவைத் தவிர வேறு எது இதை எடுக்க முடியும்? எடுத்தால் கூண்டின் எந்தக் கம்பி கழன்றுவிடும்?

ஜி4 சிப்பாயையும் கவனியுங்கள். அது எஃப்3-யும் எச்3-யும் அடைத்து வெள்ளை ராஜாவை மேலே ஏற விடாமல் வைக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள்: ராஜா எச்3, ஜி4 என்று ஏறப் பார்க்கும், கறுப்புக்கு வேலை கூடும். அல்சூரிலோ மர்பி டவுனிலோ மாலையில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால், இந்த நிலையை வைத்து வெள்ளைக்கு மூன்று நிமிடம், கறுப்புக்கு மூன்று நிமிடம் என்று பத்து முறை மாற்றி மாற்றி ஆடட்டும். ஜி4 உள்ளபடி ஐந்து, இல்லாமல் ஐந்து. எங்கே எந்தச் செக் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

7. ராணியாக்கும் ஆசைக்கு வைக்கும் கண்ணி

இன்னொரு நிலை. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை சிப்பாயை சி7-க்குத் தள்ளுகிறது. யானை டி6, டி5, டி4, டி3 என்று செக் கொடுத்துக்கொண்டே இறங்க, ராஜா பி5, பி4, பி3, சி2 என்று வருகிறது. இப்போது யானை டி4-க்குப் போகிறது. வெள்ளை ராணியாக்கினால் யானை சி4-ல் செக். ராணி வெட்டியே ஆக வேண்டும், ஸ்டேல்மேட். யானையாக்கினால் மட்டுமே வெள்ளைக்கு வெற்றி. 1895-ல் வெளிவந்த இந்த நிலையை சாவேத்ரா நிலை என்பார்கள்.

புத்தகத்தில் வெள்ளை ஜெயிக்கிறது. போட்டியில், இருபது விநாடி மிச்சமுள்ள எதிராளியின் கை தானாக ராணியைத்தான் எடுக்கும். அதனால் டி4 போன்ற மூவைத் தோல்வி என்று ஒதுக்காமல் ஆடுங்கள்.

8. கடிகாரம்

எதிராளிக்கு நேரம் குறைவு என்பதால் நீங்களும் வேகமாக ஆடாதீர்கள். உங்கள் நேரத்தில்தான் அவருக்கும் யோசிக்கக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் நிதானமான ஒரு கடினமான மூவ், அவசரமான நாலு மூவைவிட மேல்.

அவருடைய கொடி விழுந்தால், அதாவது நேரம் தீர்ந்தால், என்ன ஆகும் என்பதைத் தெரிந்து வையுங்கள். உங்களிடம் ராஜா மட்டும் இருந்தால் டிரா. மேட் ஆக எப்படியாவது வழி உள்ள ஒரு சிப்பாய் இருந்தாலும் வெற்றி உங்களுக்கு. ஆகவே கடைசிச் சிப்பாயைக் கொடுத்து ஸ்டேல்மேட் தேடுவதா, வைத்துக்கொண்டு நேரத்தில் ஜெயிப்பதா என்பது அவர் கடிகாரத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. மூவுக்கு 5 விநாடி கூடும் போட்டியில் கொடியை நம்பாதீர்கள், கூண்டை நம்புங்கள்.

9. டிராவைக் கேட்டு வாங்குவது

ஸ்டேல்மேட் ஆனதும் கடிகாரத்தை நிறுத்தி, காய்களைக் கலைக்காமல் காட்டுங்கள். எதிராளி கவனிக்காமல் அடுத்த மூவுக்குக் காத்திருந்தால் கையைத் தூக்கி அர்பிட்டரை (நடுவரை) அழையுங்கள்.

மூன்று முறை வந்த நிலைக்கு முறை வேறு. மூன்றாம் முறை உங்கள் மூவால் வரப்போகிறது என்றால், அந்த மூவை ஆடாமல் ஸ்கோர்ஷீட்டில் (மூவ் எழுதும் தாளில்) எழுதி, அர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். ஆடிக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் அந்த உரிமை போய்விடும். எதிராளியின் மூவால் வந்துவிட்டது என்றால், உங்கள் முறையில் காயைத் தொடும் முன் சொல்லுங்கள். கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும்.

ராபிடில் மூவ் எழுதத் தேவையில்லை. அதனால் நிரூபிக்க ஆதாரமும் இருக்காது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் அர்பிட்டரிடம் ஸ்கோர்ஷீட் கேட்டு வாங்கி எழுத உங்களுக்கு உரிமை உண்டு. சுற்று தொடங்கும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். 50 மூவ் எண்ணவும் அதுதான் உதவும்.

பெங்களூர் போட்டிகளில் அர்பிட்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார். தமிழ்ப் பிள்ளைகள் தயங்கி நிற்பது பெரும்பாலும் இங்கேதான். நீண்ட விளக்கம் வேண்டாம். கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, “டிரா கிளெய்ம், த்ரீஃபோல்டு” என்று சொன்னால் போதும். எதிராளியோடு வாதாடாதீர்கள். அடிக்கடி டிரா கேட்டு நச்சரிப்பதும் விதிமீறல்தான். அவருக்குத் தொந்தரவு என்று அர்பிட்டர் கண்டிக்கலாம்.

முடிவு அரை, அரை என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டபிறகு காய்களை அடுக்குங்கள்.